மெட்டி இறுகும் வயது

காலில் நீர் கோப்பதை டாக்டருக்கு முன்பே கண்டுபிடிப்பது மெட்டிதான். காலையில் தளர்வாகச் சுழலும் மெட்டி, சாயங்காலம் அசையாமல் விரலைக் கவ்விக்கொள்ளும். கொஞ்ச நாளில் செருப்பு வார் பதிந்த தடம் மறைய நேரமாகும். அதற்கப்புறம்தான் “காலு கனமா இருக்குடி” என்று வாய்ச்சொல்லாக வரும். போடிநாயக்கனூர்ப் பக்கம் அதைக் கேட்க வேண்டிய மகள் பெரும்பாலும் அருகில் இருப்பதில்லை. சென்னையிலோ பெங்களூரிலோ துபாயிலோ போனைக் காதில் வைத்திருக்கிறாள். “வயசானா அப்படித்தாம்மா, காலுக்குத் தலகாணி வச்சுப் படுங்க” என்று சொல்லி முடித்துவிடுகிறாள். தலையணை யோசனையில் பெரும்பாலும் தப்பில்லை. ‘வயசானா அப்படித்தான்’ என்பதுதான் ஆபத்தான பகுதி.

போடியின் முதிய கால்களுக்கு ஒரு வேலைச் சரித்திரம் உண்டு. விடியுமுன்னே ஜீப்புகளில் ஏறி, போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி, பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலைப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குப் போய், இருட்டும் நேரத்தில் திரும்பி வரும் பெண்களின் கால்கள் அவை. ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. அடித்தூரிலிருந்து கிளம்பித் தரையோடு கிடக்கும் சரத்தில் காய்க்கிறது. எடுப்பதற்குக் குனிய வேண்டும், இல்லையென்றால் ஈரமண்ணில் குத்தவைத்தே நகர வேண்டும். மழை, அட்டைக்கடி, சேற்றுப்புண் எல்லாம் வேலையோடு வருபவை. மலைக்குப் போகாதவர்கள் போடியிலேயே ஏலக்காய்க் கிடங்குகளில் காலை மடக்கி உட்கார்ந்து, நிறம் வாரியாக, எட்டு மில்லி ஏழு மில்லி என்று பருமன் வாரியாகத் தரம் பிரித்தவர்கள்.

ஊர்க் கடைகளில் நின்றே காலம் கழித்தவர்கள் இன்னொரு கூட்டம். விற்பனையாளர்கள் உட்கார நாற்காலி தர வேண்டும் என்று சட்டமே போட வேண்டியிருந்தது. கோழிக்கோட்டுக் கடைத்தெருப் பெண்கள் போராடியதன் பலனாகக் கேரளத்தில் 2018இல் அது வந்தது. தமிழ்நாடு 2021இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் அதைச் சேர்த்தது. அதற்கு முன்பே முப்பது வருஷம் நின்று முடித்தவர்களுக்கு அந்த நாற்காலியால் பிரயோஜனம் இல்லை. அவர்கள்தான் இப்போது மதுரையிலோ கோவையிலோ ஒரு முதியோர் இல்லத்தில், போடியிலிருந்து கொண்டுபோன டிரங்குப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டு, நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். அது காலுக்கு நிற்பதைவிடப் பெரிய நன்மை ஒன்றும் செய்வதில்லை.

காரணம் எளிது. இதயம் ரத்தத்தைப் பாதம் வரை தள்ளிவிடுகிறது. திரும்பி மேலே ஏற்றுவது கெண்டைச்சதையின் வேலை. நடக்கும்போது சதை இறுகித் தளர, சிரைகளில் இருக்கும் ரத்தம் மேலே பிழியப்படுகிறது. ஏறிய ரத்தம் மறுபடி கீழே இறங்காதபடி சிரைக்குள் வழிநெடுக வால்வுகள் இருக்கின்றன. தேனி மாவட்டத்து விவசாயிக்கு இதை விளக்கவே வேண்டாம்: கிணற்று மோட்டாரின் ஃபுட் வால்வு கசிந்தால் என்ன ஆகுமோ அதுவேதான். ஏற்றிய தண்ணீர் இறங்கிவிடும், மோட்டார் ஓடியும் பலன் இருக்காது. வால்வு தளர்ந்த காலில் ரத்தம் தேங்கி, சிரைக்குள் அழுத்தம் கூடி, நீர் மட்டும் வெளியே கசிந்து தோலுக்கடியில் சேர்கிறது. நரம்புச் சுருட்டல் என்று ஊரில் சொல்வதும் இந்தக் கதையின் இன்னொரு அத்தியாயம். கசிந்த நீரை வடித்து ரத்தத்தில் சேர்க்க நிணநீர்க் குழாய்கள் என்ற தனி ஏற்பாடு உண்டு. அதுவும் களைத்துப்போனால் வீக்கம் மெல்ல மெல்லக் கெட்டிப்பட்டு நிரந்தரமாகிவிடும்.

இது காலின் கோளாறு. காலில் தெரிந்தாலும் காலுக்குச் சம்பந்தமில்லாத காரணங்களும் உண்டு. இதயம் பலவீனமானால் இரண்டு காலும் வீங்கும். படுத்தால் மூச்சு முட்டும். சிறுநீரகம் புரதத்தைச் சிறுநீரில் கோட்டைவிட்டால் கால் மட்டுமின்றி, காலையில் கண் இமையும் உப்பும். ஊரில் ‘உப்பு நீர்’ என்பார்கள். கல்லீரல் கெட்டாலும், ரத்தத்தில் புரதம் குறைந்தாலும், தைராய்டு மந்தமானாலும் கால் வீங்கலாம். அதனால்தான் இரண்டு காலும் புதிதாக வீங்கிய முதியவருக்குச் சிறுநீரில் புரதம், ரத்தத்தில் கிரியாட்டினின், அல்புமின், தைராய்டு, ஒரு ஈசிஜி, தேவைப்பட்டால் எக்கோ என்று டாக்டர் எழுதுகிறார். பணம் பிடுங்கும் பட்டியல் என்று நினைக்க வேண்டாம். அலட்சியப்படுத்தக் கூடாத அந்த நாலைந்து காரணங்களை விலக்க இதைவிடச் சுருக்கு வழி இல்லை.

ஆனால் எல்லாப் பரிசோதனையும் சரியாக வந்த பிறகும் கால் வீங்கியே இருக்கிறது என்று குழம்பும் குடும்பங்கள் உண்டு. அவர்கள் தேட வேண்டிய இடம் மாத்திரை டப்பா.

ரத்தக் கொதிப்புக்கு நம் ஊரில் மிகப் பரவலாகக் கொடுக்கப்படும் மாத்திரைகளில் அம்லோடிபின் ஒன்று. நல்ல மருந்து, விலையும் மலிவு, அரசு மருத்துவமனையில் இலவசம். அதற்கு ஒரு பழக்கம் உண்டு: நுண்ணிய தமனிகளை விரித்துவிடும், சிரைகளை அந்த அளவுக்கு விரிக்காது. வரத்து கூடி, வடிகால் அப்படியே இருப்பதால் கணுக்காலில் நீர் கசியும். 10 மில்லிகிராம் சாப்பிடுபவர்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு இப்படி ஆகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். உடம்பில் உண்மையில் கூடுதல் தண்ணீர் சேர்ந்ததால் வந்த வீக்கம் இல்லை இது. ஆனால் பார்ப்பதற்கு அப்படித்தான் இருக்கும். புதிய டாக்டர் ஒருவர், பழைய சீட்டைப் பார்க்காமல், நீர் மாத்திரை எழுதிவிடுகிறார். வீக்கம் பெரிதாகக் குறையாது. பாட்டி மட்டும் ராத்திரி நாலு தடவை பாத்ரூமுக்கு எழுந்திருப்பார். ரத்தத்தில் சோடியம் குறையும், தலை சுற்றும், ஈரத்தரையில் வழுக்கும். இடுப்பெலும்பு முறிந்து மருத்துவமனைக்குப் போகும்போது யாரும் அம்லோடிபினை நினைப்பதில்லை.

ஒரு மருந்தின் பக்கவிளைவைப் புது நோய் என்று எண்ணி இன்னொரு மருந்து கொடுக்கும் இந்தச் சங்கிலியைப் பற்றி 1990களிலேயே பவுலா ரோஷான், ஜெரி குர்விட்ஸ் என்ற முதியோர் மருத்துவர்கள் எச்சரித்தார்கள். 2020இல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், 66 வயதும் அதற்கு மேலும் ஆன கொதிப்பு நோயாளிகளின் மருந்துப் பதிவுகளை ஆய்வாளர்கள் அலசினார்கள். அம்லோடிபின் வகை மாத்திரையைப் புதிதாகத் தொடங்கிய சுமார் 41,000 பேரில் 1.4 சதவீதம் பேருக்கு மூன்று மாதத்துக்குள் நீர் மாத்திரையும் சேர்ந்திருந்தது. வேறு வகைக் கொதிப்பு மாத்திரை தொடங்கியவர்களிடம் அது 0.7 சதவீதம்தான். மருந்துப் பதிவேடு ஒழுங்காக இருக்கும் நாட்டிலேயே இந்தக் கதை. போடியில் ஒரு டாக்டர், தேனியில் ஒரு டாக்டர், மதுரையில் ஒரு ஸ்பெஷலிஸ்ட் என்று மூன்று சீட்டுகள் வைத்திருக்கும் நம் பெரியவர்கள் விஷயத்தில் எப்படி இருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

இதற்காக யாரும் தாங்களாகவே கொதிப்பு மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. “இந்த மாத்திரையால வீங்குதா, டாக்டர்?” என்று கேட்டால் போதும். அளவைக் குறைப்பது, வேறு வகைக்கு மாற்றுவது, டெல்மிசார்டன் போன்ற ஒன்றைக் கூடச் சேர்ப்பது என்று அவரிடம் வழிகள் இருக்கின்றன. அதே மூச்சில் இன்னொன்றையும் கேட்க வேண்டும்: முழங்கால் வலிக்கு மெடிக்கலில் வாங்கிப் போட்டுக்கொள்ளும் டைக்ளோபெனாக் வகை மாத்திரை. அது உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கும், கொதிப்பை ஏற்றும், சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும். கைகால் எரிச்சலுக்கு எழுதும் பிரிகாபலின், சர்க்கரைக்கான பயோகிளிட்டசோன், ஸ்டீராய்டு ஆகியவையும் காலை வீங்க வைக்கக்கூடியவை. சீட்டில் இல்லாத சூரணம், லேகியம், ‘மூட்டு வலிக் கேப்ஸ்யூல்’ உட்பட அத்தனையையும் ஒரு பையில் அள்ளிக்கொண்டு டாக்டர் மேசையில் கொட்டுவது வெட்கப்பட வேண்டிய காரியமில்லை.

பக்க வேறுபாடும் முக்கியம். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, கெண்டைக்கால் கடுத்து வலித்தால் ஆழச் சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். டாப்ளர் ஸ்கேன் அன்றைக்கே எடுக்க வேண்டும். இந்தக் காலைத்தான், பாவம், அன்பு மிகுந்த யாராவது எண்ணெய் வைத்து அழுத்தி உருவிவிடுகிறார்கள். உறைந்த ரத்தக்கட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ சேர்ந்தால் 108ஐக் கூப்பிடத் தயங்கவே கூடாது. கால் சிவந்து, சுட்டு, குளிர்காய்ச்சல் வந்தால் அது தோலடித் தொற்று. அதற்கும் அன்றைக்கே மருத்துவம் வேண்டும். உணர்ச்சி மரத்துப்போன சர்க்கரைக் காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக் கொப்புளம் வரவழைப்பதும் நம் வீடுகளில் அடிக்கடி நடப்பதுதான்.

காரணம் தெரிந்து, மருந்து சரிசெய்யப்பட்டு, அதற்கப்புறமும் நிற்கிற நாள்பட்ட வீக்கம்தான் பெரும்பாலோருக்கு. அதை மாத்திரையைவிடக் கைகள்தான் கவனித்துக்கொள்ள முடியும். யாருடைய கைகள் என்பதுதான் முதியோர் இல்லங்களில் கேட்க வேண்டிய கேள்வி. கட்டணம், சாப்பாடு, கோயிலுக்கு அழைத்துப் போவார்களா என்று குடும்பத்தினர் விசாரிக்கிறார்கள். “மத்தியானம் எங்கம்மாவைக் கட்டில்ல படுக்க வைப்பீங்களா, இல்ல ராத்திரி வரைக்கும் சேர்லயே இருப்பாங்களா?” என்று யாரும் கேட்பதில்லை. காலைத் தொங்கவிட்டு எட்டு மணி நேரம் டிவி பார்ப்பவருக்கு, இதயமும் சிறுநீரகமும் நன்றாக இருந்தாலும் கால் வீங்கத்தான் செய்யும். சிலர் மூட்டு வலியாலோ மூச்சு முட்டலாலோ ராத்திரியும் சாய்வு நாற்காலியிலேயே தூங்குவார்கள். அந்தக் காலுக்கு இருபத்துநாலு மணி நேரமும் ஓய்வே கிடையாது.

ஸ்டூலில் கால் வைப்பது மட்டும் போதாது. படுத்த நிலையில், கால் நெஞ்சு மட்டத்துக்கு மேலே இருக்கும்படி, அரை மணி நேரம், பகலில் இரண்டு மூன்று தடவை உயர்த்தி வைத்தால்தான் நீர் இறங்கும். இதயக் கோளாறு உள்ளவருக்கு டாக்டர் சொல்லாமல் அப்படிச் செய்யக் கூடாது, மூச்சு முட்டும். நடக்க முடிந்தவர் வராந்தாவில் மணிக்கொரு தடவை நாலு நடை நடக்கலாம். முடியாதவர் உட்கார்ந்தபடியே குதிகாலை ஊன்றி விரலைத் தூக்கி, விரலை ஊன்றிக் குதிகாலைத் தூக்கி, இருபது தடவை செய்தாலும் கெண்டைச்சதை வேலை செய்துவிடும். பயணத்திலும் இதே கதைதான். மதுரையிலிருந்து போடிக்கு 2023 ஜூனில் ரயில் திரும்பி வந்துவிட்டது. பண்டிகைக்கு ஊருக்கு அழைத்துவரும்போது பஸ்ஸைவிட அது வசதி, பெட்டிக்குள் எழுந்து நாலடி நடக்கலாம்.

தோலைப் பற்றிச் சொல்லாமல் வீக்கத்தைப் பற்றிப் பேசி முடியாது. நீர் கோத்த தோல் இழுபட்டு, வறண்டு, வெடித்துக் கிருமிக்கு வாசல் திறந்து விடுகிறது. தொற்று வந்தால் நிணநீர்க் குழாய்கள் மேலும் கெடும், வீக்கம் இன்னும் ஏறும், மறுபடி தொற்று வரும். இதை நன்றாக அறிந்தவர்கள் யானைக்கால் நோயாளிகள். தஞ்சை, நாகை, கடலூர்ப் பக்கங்களில் தலைமுறை தலைமுறையாக இந்த நோயோடு வாழ்ந்தவர்களுக்கு அரசு கொடுக்கும் கால் பராமரிப்புப் பையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்: பேசின், மக், சோப்பு, துண்டு, பூஞ்சைக் களிம்பு. அவ்வளவுதான். தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கு ஒவ்வொன்றையும் ஒற்றித் துடைத்து, சேற்றுப்புண் இருந்தால் களிம்பு தடவினால் காய்ச்சலும் தொற்றும் வெகுவாகக் குறையும் என்பது உலகம் முழுக்கப் பார்த்துத் தெரிந்துகொண்ட விஷயம். முதியோர் இல்லத்துப் பாட்டிக்கு யானைக்கால் இல்லாவிட்டாலும் அதே பேசினும் துண்டும்தான் மருந்து. விரலிடுக்கில் மட்டும் எண்ணெய் தடவாமல், மற்ற இடத்தில் தேங்காய் எண்ணெயோ மாய்ஸ்சரைசரோ தடவலாம்.

இந்த எளிய வேலையை ஒரு முறையாக வளர்த்தெடுத்தவர்கள் கேரளத்தின் வடகோடியில் இருக்கிறார்கள். காசர்கோட்டில் 1999இல் தொடங்கிய தோல் மருத்துவ நிறுவனம் ஒன்றில் டாக்டர் எஸ்.ஆர். நரஹரியும் அவரது குழுவும், ஆக்ஸ்ஃபோர்டின் டெரன்ஸ் ரையான் ஆலோசனையோடு, நிணநீர் வீக்கத்துக்குக் கழுவுதல், மூலிகைக் கஷாயத்தில் ஊறவைத்தல், மென்மையாக உருவுதல், யோகாசனம், அழுத்தக் கட்டு எல்லாவற்றையும் ஒன்றாகக் கோத்தார்கள். அங்கே சிகிச்சைக்கு வருபவரோடு வீட்டு ஆள் ஒருவரும் வர வேண்டும். ஏனென்றால் இரண்டு வாரம் அங்கே கற்றுக்கொள்வதை மிச்சக் காலமெல்லாம் வீட்டில் செய்யப் போவது அவர்தான். கஷாயத்தைவிட இந்த ஒரு நிபந்தனைதான் நம் முதியோர் இல்லங்கள் காப்பியடிக்க வேண்டியது.

சமையலறை விவகாரம் இன்னொன்று. நாளுக்கு 5 கிராம் உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், கருவாடு என்று தட்டைச் சுற்றி அணிவகுக்கும் வீட்டில் அது மதியச் சாப்பாட்டோடு தீர்ந்துவிடும். இல்லத்துச் சமையலில் ஆளுக்கொரு உப்பு போட முடியாதுதான். ஆனால் ஊறுகாய் ஜாடியை மேசையிலிருந்து எடுக்க முடியும். வாழைத்தண்டுச் சாறு, பார்லிக் கஞ்சி, நீர்முள்ளிக் கஷாயம் எல்லாம் நம் கைமருந்துகள். சிறுநீரகம் கெட்டவருக்கு வாழைத்தண்டு, இளநீர் போன்றவற்றின் பொட்டாசியமே வில்லங்கமாகிவிடும் என்பதால் கிரியாட்டினின் பார்த்த பிறகே கொடுக்க வேண்டும். வீக்கம் என்றதும் குடிதண்ணீரை நிறுத்துவதும் தப்பு. எவ்வளவு குடிக்கலாம் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

பெரியவர் போடி வீட்டிலேயே இருக்கிறார், பார்த்துக்கொள்ள ஆளில்லை என்றால்? 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் கொதிப்பு, சர்க்கரை மாத்திரைகள் வாசலுக்கே வருகின்றன. நடக்க முடியாதவருக்கு இயன்முறை சிகிச்சையாளரும் வருவதுண்டு. மாத்திரை கொடுக்க வரும் பெண் தன்னார்வலரிடம் காலைக் காட்டலாம், கூச்சப்பட வேண்டாம். பெரிய பரிசோதனைகளுக்குக் க.விலக்கில் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. முதியோர் மருத்துவம் என்றே தனிப் பிரிவு வேண்டுமென்றால், 1978இல் டாக்டர் வி.எஸ். நடராஜன் சென்னை அரசுப் பொதுமருத்துவமனையில் தொடங்கிவைத்த மரபு இன்று கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை வரை வந்திருக்கிறது. பெற்றோரைப் பராமரிக்காத பிள்ளைகள் மீது 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கவும் வழியுண்டு. கால் வீங்கிய பெரியவர்கள் அதற்குப் பெரும்பாலும் போவதில்லை, பிள்ளையின் பேர் கெட்டுவிடுமே என்று.

தூரத்திலிருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு சிக்கல். வீடியோ அழைப்பில் முகம்தான் தெரியும், கால் தெரியாது. இல்லத்து நர்ஸிடம் தையல் டேப் ஒன்று வாங்கிக் கொடுத்து, கணுவுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் பேனாவால் புள்ளி வைத்து, வாரம் ஒருநாள் அதே நேரத்தில் அளந்து எழுதச் சொல்லலாம். இதயக் கோளாறு உள்ளவருக்குத் தினமும் காலையில், சிறுநீர் கழித்த பிறகு, எடையும் வேண்டும். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சாப்பாட்டால் ஏறிய எடை இல்லை, நீர். அன்றைக்கே டாக்டரிடம் சொல்ல வேண்டும். மாதம் ஒருமுறை போய்ப் பார்க்கும்போது முதலில் அந்த நோட்டைப் புரட்டுங்கள், அம்மா கோபித்துக்கொண்டாலும்.

கடைசியாக அழுத்தக் காலுறை. நாள்பட்ட சிரை வீக்கத்துக்கும் நிணநீர் வீக்கத்துக்கும் இதைவிடப் பலன் தரும் பொருள் குறைவு. ஆஸ்திரேலியாவின் கான்பெராவில், வீக்கத்தோடு அடிக்கடி தோலடித் தொற்று வந்துகொண்டிருந்த 84 பேரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். 2020இல் முடிவு வெளியானது. காலுறை, கட்டு அணிந்தவர்களில் 15 சதவீதம் பேருக்கு மறுபடி தொற்று வந்தது. அணியாதவர்களில் 40 சதவீதம். பலன் அவ்வளவு தெளிவாக இருந்ததால் சோதனையைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். ஆனால் மெடிக்கலில் கேட்டு வாங்கி மாட்டிவிடும் சாமான் இல்லை இது. பீடி பிடித்த தாத்தாவுக்கும், வெகுகாலச் சர்க்கரைக்காரருக்கும் காலுக்குப் போகும் தமனியே அடைபட்டிருக்கலாம். அந்தக் காலை இறுக்கினால் விரல் கறுத்துவிடும். அதனால் முதலில் கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கை அழுத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் சின்னப் பரிசோதனை வேண்டும். இதயம் மிகவும் பலவீனமானவருக்கும் டாக்டர் அனுமதி வேண்டும். அளவெடுப்பது காலையில், வீக்கம் ஏறுமுன். மாட்டுவதும் அப்படியே, கட்டிலை விட்டு இறங்குமுன், ராத்திரி கழற்றிவிடலாம். மேல்விளிம்பு சுருண்டு முழங்காலுக்குக் கீழே இறுக்கினால் உள்ள வீக்கம் இன்னும் மோசமாகும், ஆகவே இல்லத்து ஆள் ஒருவர் மத்தியானம் ஒருமுறை இழுத்து நேராக்க வேண்டும். துவைத்துத் துவைத்து, ஆறு மாதத்தில் அதன் இழுவை போய்விடும். “துணி நல்லாத்தானம்மா இருக்கு, ஒரு பொத்தல்கூட இல்லையே” என்று அடுத்த ஜோடி வாங்கத் தயங்குவார்கள். பொத்தலைப் பார்த்து மாற்றும் துணி அல்ல அது. வாங்கிய தேதியை உள்பக்கம் மையால் எழுதி வைத்து, ஆறு மாதமானதும் மறுபடி கால் அளந்து புதிது வாங்க வேண்டியதுதான்.